டெபியனை நெட்வொர்க் வழியாகத் தானாக நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ நாற்பது கணினிகளில் ஒரே இயங்குதளத்தை நிறுவ வேண்டியவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாக டெபியன் 12, 13 பதிப்புகளையும், அவற்றின் நிறுவியையும், ப்ரீசீட் என்னும் விடைக்கோப்பு முறையையும், டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறிய சர்வர் மென்பொருளையும் எடுத்துக்கொண்டுள்ளேன். கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

நெட்வொர்க் வழி நிறுவலில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள் இதில் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, பென் டிரைவோ டிவிடியோ இல்லாமல், நெட்வொர்க் கார்டு வழியாகவே நிறுவியின் கர்னலையும் (இயங்குதளத்தின் மையக் கரு), அதோடு ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டி கோப்பையும் கணினியின் நினைவகத்துக்குக் கொண்டுவந்து இயக்குவது. இதற்கான நெறிமுறைதான் பிஎக்ஸ்இ. இன்டெல் நிறுவனம் இதன் 2.1 பதிப்பை 1999இல் வெளியிட்டது. இரண்டாவது, அப்படி இயங்கத் தொடங்கிய நிறுவி கேட்கும் மொழி, நேர மண்டலம், வட்டுப் பிரிவு, பயனர் பெயர் போன்ற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வைப்பது.

இந்த இரண்டையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்வது மிகவும் முக்கியம். பிஎக்ஸ்இ ஒழுங்காக வேலை செய்யாதபோது விடைக்கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பதும், விடைக்கோப்பில் ஒரு இடைவெளி கூடியிருக்கும்போது ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி அமைப்பைக் கலைத்துப் போடுவதும்தான் இந்த வேலையில் பெரும்பாலானோர் நேரத்தை இழக்கும் இடம். பென் டிரைவிலிருந்து நிறுவியைத் தொடங்கி, அதற்கு விடைக்கோப்பின் முகவரியை மட்டும் கொடுத்தும் தானியங்கு நிறுவலைச் செய்ய முடியும். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

சர்வரில் எந்தெந்தச் சேவைகள் இயங்க வேண்டும்?

மூன்று சேவைகள் போதும். கணினிக்கு ஐபி முகவரியையும், எந்தச் சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலையும் தருவது டிஹெச்சிபி. அந்தக் கோப்பை அனுப்புவது டிஎஃப்டிபி. விடைக்கோப்பை வழங்குவது சாதாரண வெப் சர்வர். முதல் இரண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றே செய்துவிடும். மூன்றாவதற்கு அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ எது கைவசம் இருக்கிறதோ அது போதும். பழைய கணினி ஒன்றே இந்தச் சர்வராக இருக்கலாம்.

டெபியன் திட்டம் வழங்கும் நெட்பூட் தொகுப்பை டிஎஃப்டிபி அடைவுக்குள் விரித்து வைத்தால், பூட் செய்வதற்கான கோப்புகள், கர்னல், இனிட்ஆர்டி எல்லாம் அதிலேயே கிடைக்கும். நிறுவலுக்குத் தேவையான மென்பொருள் பொதிகள் இந்தத் தொகுப்பில் இல்லை. அவை நிறுவலின்போது டெபியனின் மிரர் எனப்படும் பிரதிச் சர்வர் ஒன்றிலிருந்து இறக்கப்படுகின்றன.

ரவுட்டர் ஏற்கெனவே டிஹெச்சிபி வழங்குகிறது. அதை நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி சர்வர்கள் முகவரி வழங்கத் தொடங்கினால் குழப்பம் நேரும் என்பது சரிதான். ஆனால் ப்ராக்ஸி டிஹெச்சிபி என்ற வழி பிஎக்ஸ்இ நெறிமுறையிலேயே உண்டு. இதில் ரவுட்டர் வழக்கம்போல ஐபி முகவரியை மட்டும் தரும். உங்கள் சர்வர் முகவரி எதுவும் தராமல், எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். கணினி இரண்டு பதில்களையும் சேர்த்துக்கொள்ளும். டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஹெச்சிபி ரேஞ்ச் வரியில் முகவரி வரம்புக்குப் பதிலாக நெட்வொர்க் முகவரியையும் ப்ராக்ஸி என்ற சொல்லையும் இட்டால் இந்த முறைக்கு மாறிவிடும். ஃபயர்வாலில் டிஹெச்சிபிக்கான 67, டிஎஃப்டிபிக்கான 69 ஆகிய யுடிபி போர்ட்டுகளோடு, ப்ராக்ஸிக்கான 4011ஐயும் திறந்து வைக்க வேண்டும்.

நெட்வொர்க் நிர்வாகி ஸ்விட்ச்சில், அறியாத டிஹெச்சிபி சர்வர்களைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வைத்திருந்தால், உங்கள் சர்வரின் பதில்கள் ஸ்விட்ச்சிலேயே தடுக்கப்படும். சர்வர் இணைந்திருக்கும் போர்ட்டை நம்பகமான போர்ட்டாக அறிவிக்கும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். அந்தத் தடுப்பு நல்ல காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறது.

சில கணினிகள் பூட் ஆகின்றன, சில ஆவதில்லை. ஏன்?

பெரும்பாலும் கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேரில், பழைய பயாஸுக்கும் புதிய யுஇஎஃப்ஐக்கும் உள்ள வேறுபாடுதான் காரணம். பயாஸ் கணினிக்கு வேண்டியது கர்னலை ஏற்றும் பிஎக்ஸ்இலினக்ஸ் போன்ற ஒரு கோப்பு; யுஇஎஃப்ஐ கணினிக்கு வேண்டியது ஈஎஃப்ஐ வடிவிலுள்ள கிரப் போன்ற வேறொரு கோப்பு. ஒன்றுக்கானதை மற்றொன்றுக்கு அனுப்பினால் அது இறங்கும், ஆனால் இயங்காது.

கணினி டிஹெச்சிபி வேண்டுகோளை அனுப்பும்போதே தான் எந்த வகை என்பதை 93ஆம் விருப்பத் தகவலில் ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. 0 என்றால் பயாஸ்; 7 என்றால் நடைமுறையில் 64 பிட் யுஇஎஃப்ஐ. சில கணினிகள் அதற்கு 9 என்றும் சொல்லும் என்பதால் இரண்டையும் ஒரே விதியில் சேர்த்துவிடுவது நல்லது. டிஎன்எஸ்மாஸ்க்கில் டிஹெச்சிபி மேட்ச் வரியால் இந்த எண்ணைப் பார்த்து ஒரு குறியிட்டு, டிஹெச்சிபி பூட் வரியில் அந்தக் குறிக்கு உரிய கோப்பைக் கொடுக்க வேண்டும்.

செக்யூர் பூட்டை அணைத்துவிட வேண்டுமா?

கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட், டெபியன் 10 முதல் ஆதரிக்கப்படுகிறது. எனவே அணைக்கத் தேவையில்லை. கணினி முதலில் ஷிம் என்னும் சிறு நிரலை ஏற்றும். அது மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்றது. ஷிம் அதே அடைவிலிருந்து கிரப்பை எடுத்து, டெபியனின் கையொப்பத்தைச் சரிபார்த்து ஏற்றும். கிரப் அதே வழியில் கர்னலை ஏற்றும். நெட்வொர்க் பூட்டுக்கான மற்றொரு நிரலான ஐபிஎக்ஸ்இயை நீங்களே தொகுத்தால், அந்தக் கோப்புக்கு இத்தகைய கையொப்பம் இல்லாததால் செக்யூர் பூட் அதை ஏற்காது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்தச் சரிபார்ப்பு கர்னலோடு நின்றுவிடுகிறது. இனிட்ஆர்டி கோப்பும், கர்னலுக்குக் கொடுக்கப்படும் அளவுருக்களும், உங்கள் விடைக்கோப்பும் இதில் சரிபார்க்கப்படுவதில்லை.

டிஎஃப்டிபி ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

அதன் அமைப்பே அப்படி. 1992இல் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1350 வரையறுத்தபடி, சர்வர் 512 பைட் அனுப்பும். அது கிடைத்தது என்று கணினி பதில் அனுப்பும். அதன் பிறகுதான் அடுத்த 512 பைட் புறப்படும். 40 எம்பி அளவுள்ள இனிட்ஆர்டி கோப்பு என்று வைத்துக்கொண்டால் இப்படி ஏறத்தாழ 78,000 முறை போய் வர வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு மில்லி நொடி என்றாலே ஒன்றே கால் நிமிடத்துக்கு மேலாகிவிடும், கேபிள் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும். மேலும், துண்டு எண்ணுக்கு 16 பிட் மட்டுமே இருப்பதால், எண் முடிந்ததும் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணத் தெரியாத மென்பொருளில் 32 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு பாதியில் நின்றுவிடும். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2348 துண்டின் அளவைக் கூட்டிக்கொள்ள வழி செய்தது. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகின்றன.

நாற்பது கணினிகளுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. நூற்றுக்கணக்கில் செல்லும்போது, டிஎஃப்டிபி வழியாக ஐபிஎக்ஸ்இயை மட்டும் இறக்கி, மீதியை ஹெச்டிடிபி வழியாக எடுக்கச் செய்யலாம். அப்போது ஐபிஎக்ஸ்இயும் டிஹெச்சிபி கேட்கும், சர்வர் மறுபடியும் அதற்கு ஐபிஎக்ஸ்இயையே கொடுக்கும் என்ற முடிவில்லாச் சுற்று ஏற்படும். ஐபிஎக்ஸ்இ தன்னை யூசர் கிளாஸ் தகவலில் அடையாளம் காட்டுவதைப் பார்த்து, அதற்கு வேறு பதில் தரும் விதியை எழுதினால் சுற்று அறுந்துவிடும்.

விடைக்கோப்பை எப்படி எழுதத் தொடங்குவது?

வெற்றுத் தாளிலிருந்து தொடங்காதீர்கள். டெபியன் நிறுவல் கையேட்டின் பிற்சேர்க்கையில் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய எடுத்துக்காட்டுக் கோப்பு இருக்கிறது. அதை அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஒரு கணினியில் கையால் நிறுவி, நீங்கள் கொடுத்த விடைகளை டெப்கான்ஃப் கெட் செலக்ஷன்ஸ் என்ற கட்டளையால் எடுத்துப் பார்ப்பதும் உதவும். ஆனால் அந்த வெளியீட்டை அப்படியே விடைக்கோப்பாகப் பயன்படுத்தக் கூடாது. நிறுவி தனக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்புகளும் அதில் கலந்திருக்கும்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு பகுதிகள் உண்டு: கேள்வி யாருடையது (டி-ஐ என்றால் டெபியன் நிறுவி), கேள்வியின் பெயர், விடையின் வகை, விடை. நேர மண்டலத்துக்கான வரி «டி-ஐ டைம்/ஜோன் ஸ்ட்ரிங் ஏசியா/கொல்கத்தா» என்று அமையும். இலங்கையில் கடைசிப் பகுதி ஏசியா/கொழும்பு ஆகும். இதில் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையில் ஒரே ஒரு இடைவெளிதான் இருக்க வேண்டும். அழகுக்காக வரிசைப்படுத்தி இரண்டு இடைவெளி விட்டால், இரண்டாவது இடைவெளி விடையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தவறால் நிறுவி விடையை ஏற்காமல் நின்றுவிடும். டெப்கான்ஃப் செட் செலக்ஷன்ஸ் கட்டளையைச் சரிபார்ப்பு விருப்பத்தோடு இயக்கினால் வரிகளின் வடிவம் சரியா என்று பார்க்கலாம். ஆனால் விடை பொருத்தமானதா என்பதை அது சொல்லாது.

கடவுச்சொல்லை வெறும் எழுத்தாக எழுதாமல் எம்கேபாஸ்வேர்ட் கட்டளையால் ஹாஷாக, அதாவது நேரடியாகத் திருப்பிப் படிக்க முடியாத வடிவாக மாற்றி, அதற்குரிய கிரிப்டட் என முடியும் கேள்விக்கு விடையாகக் கொடுங்கள்.

மொழிக்கும் விசைப்பலகைக்கும் விடை எழுதியிருந்தும் நிறுவி கேட்கிறதே?

வரிசையை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். விடைக்கோப்பு நெட்வொர்க்கில் இருக்கிறது. நெட்வொர்க் இயங்கத் தொடங்கிய பிறகுதான் நிறுவியால் அதைப் படிக்க முடியும். ஆனால் மொழியையும் விசைப்பலகையையும் அது அதற்கு முன்பே கேட்கிறது. எனவே பூட் மெனுவில் கர்னல் வரியிலேயே ஆட்டோ என்பதற்கு ட்ரூ என்றும், ப்ரயாரிட்டி என்பதற்கு கிரிட்டிக்கல் என்றும், யுஆர்எல் என்பதற்கு விடைக்கோப்பின் முகவரியையும் கொடுக்க வேண்டும். முதலாவது, அந்தக் கேள்விகளை நெட்வொர்க் கிடைக்கும்வரை தள்ளிவைக்கிறது. இரண்டாவது, இன்றியமையாத கேள்விகளைத் தவிர மற்றவற்றுக்கு இயல்பு விடையை எடுத்துக்கொள்ளச் செய்கிறது. கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் இன்டர்ஃபேஸ் என்பதற்கு ஆட்டோ என்றும் கொடுங்கள். கேபிள் இணைந்துள்ள கார்டை நிறுவி தானே தேர்ந்துகொள்ளும்.

இதே காரணத்தால், நிலையான ஐபி முகவரி போன்ற நெட்வொர்க் விடைகளை நெட்வொர்க்கிலிருந்து படிக்கப்படும் கோப்பில் எழுதிப் பயனில்லை. அவை கர்னல் வரியில் வர வேண்டும், அல்லது டிஹெச்சிபியிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் கொடுப்பது எப்படி?

டிஹெச்சிபி சர்வரில் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரிக்கு ஏற்பப் பெயரையும் ஐபியையும் எழுதி வையுங்கள். டிஹெச்சிபி தரும் பெயருக்குத்தான் நிறுவி முன்னுரிமை தருகிறது. விடைக்கோப்பு நாற்பது கணினிகளுக்கும் ஒன்றாகவே இருக்கும். ப்ராக்ஸி முறையில் இருப்பவர்கள் பெயரைக் கர்னல் வரியில் தர வேண்டும். அதற்கு மேக் முகவரிக்கு ஏற்ற தனி மெனுக் கோப்புகள் தேவைப்படும்.

வட்டுப் பிரிப்பைத் தானியக்கமாக்குவது பாதுகாப்பானதா?

இந்த வேலை முழுவதிலும் திரும்பிப் போக முடியாத ஒரே படி இதுதான். ஆகவே இதற்கு மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடைக்கோப்பில் வேறெந்த வரி தவறானாலும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இந்த வரி தவறினால், ஒரு மாணவரின் ஆண்டு முழுதுமான திட்டப்பணியோ, ஓர் அலுவலரின் கணக்குகளோ போய்விடும்.

முதல் ஆபத்து, வட்டின் பெயர். எஸ்டிஏ என்று எழுதி வைத்தால், என்விஎம்இ வகை எம்.2 வட்டுள்ள கணினியில் அந்தப் பெயரில் வட்டே இருக்காது, ஏனெனில் அங்கே அதன் பெயர் என்விஎம்இ என்று தொடங்கும். அதைவிடக் கொடியது, அந்தப் பெயர் வேறு ஏதாவதொன்றுக்குப் போய்விடுவது: யாரோ செருகி மறந்துவிட்ட பென் டிரைவோ, தரவு வைத்திருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கோ எஸ்டிஏ ஆகிவிடலாம். விடைக்கோப்பில் பார்ட்மேன் எர்லி கமாண்ட் என்ற இடத்தில், பிரிப்பு தொடங்குவதற்குச் சற்று முன் இயங்கும் சிறு கட்டளை ஒன்றை எழுதலாம். லிஸ்ட் டிவைசஸ் டிஸ்க் என்ற கட்டளையால் வட்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றில் கழற்றக்கூடியவற்றை நீக்கி, எஞ்சியது ஒன்றே ஒன்றாக இருந்தால் மட்டும் அதை விடையாக நிரப்பும்படி செய்யுங்கள். இரண்டு வட்டுகள் இருந்தால் விடையை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். நிறுவி நின்று மனிதரைக் கேட்கட்டும். முதலில் கண்ணில் படும் வட்டை எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகள் பல இடங்களில் கிடைக்கும். அவற்றை அப்படியே எடுத்தாளாதீர்கள்.

இரண்டாவது, உறுதிப்படுத்தும் கேள்விகள். மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று நிறுவி கடைசியாகக் கேட்கும் கேள்விக்கு, பார்ட்மேன் கன்ஃபர்ம், பார்ட்மேன் கன்ஃபர்ம் நோஓவர்ரைட் என்ற இரு வரிகள் விடை சொல்கின்றன. தொடக்கத்தில் இந்த இரு வரிகளையும் எழுதாமல் விடுங்கள். மற்றவை எல்லாம் தானாக நடந்து, இந்த ஓரிடத்தில் மட்டும் நிறுவி நிற்கும். திரையில் தெரியும் வட்டின் அளவையும் பெயரையும் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் போதும். ஒவ்வொரு வகைக் கணினியிலும் இப்படிப் பார்த்துச் சரியென்று தெரிந்த பிறகு அந்த வரிகளைச் சேர்க்கலாம். சேர்க்காமலேயே விட்டாலும் தவறில்லை. நாற்பது கணினிகளுக்கு நாற்பது விசை அழுத்தங்கள் என்பது சிறிய விலை.

முன்பு எல்விஎம் அல்லது ரெய்டு (வட்டுகளைச் சேர்த்து ஆளும் முறைகள்) இருந்த வட்டில், பழையதை நீக்கலாமா என்று தனியாகக் கேள்வி வரும். புதிய வட்டில் வேலை செய்த விடைக்கோப்பு பழைய வட்டில் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நிறுவி முடிந்ததும் கணினி மறுபடியும் நிறுவத் தொடங்கிவிடுகிறது. எப்படித் தடுப்பது?

பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருப்பதாலும், சர்வரின் இயல்பு மெனு நிறுவலாக இருப்பதாலும் இது நேர்கிறது. இது தொல்லை மட்டுமன்று, ஆபத்தும்கூட: ஆறு மாதம் கழித்து மின்சாரம் போய் வந்தபோது, பயன்பாட்டில் உள்ள கணினி தன்னைத் தானே அழித்துக்கொண்டு புதிதாக நிறுவிக்கொள்ளும்.

இயல்பு மெனு எப்போதும் உள்வட்டிலிருந்து பூட் செய்வதாகவே இருக்க வேண்டும். நிறுவப்பட வேண்டிய கணினிக்கு மட்டும் தனிக் கோப்பு வையுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸ் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வரிசை இதற்கு மிகவும் வசதியானது. முதலில் கணினியின் யுயுஐடி பெயரிலும், அடுத்து 01 என்ற முன்னொட்டோடு மேக் முகவரியின் பெயரிலும் தேடும். பிறகு ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக்கித் தேடும், 192.168.10.25 என்பது சி0ஏ80ஏ19 ஆகும். கிடைக்காவிட்டால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கித் தேடி, இறுதியில் டிஃபால்ட் என்ற கோப்புக்கு வரும். ஆகவே மேக் முகவரியின் பெயரில் கோப்பு இருக்கும் கணினி மட்டுமே நிறுவலுக்குச் செல்லும். நிறுவலின் முடிவில் இயங்கும் லேட் கமாண்ட் வரியிலிருந்து டபிள்யூகெட் கட்டளையால் உங்கள் வெப் சர்வரில் உள்ள சிறு நிரலை அழைத்து, அந்தக் கணினிக்குரிய கோப்பை அழித்துவிடச் செய்யுங்கள். அடுத்த முறை அது பூட் ஆகும்போது இயல்பு மெனு அதை உள்வட்டுக்கு அனுப்பிவிடும். கிரப்பிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம்.

தமிழ்ச் சூழலுக்கு என்ன சேர்க்க வேண்டும்?

டெபியன் நிறுவியின் தமிழ் முகப்பு வரைகலை முறையில் மட்டுமே கிடைக்கிறது, ஏனெனில் எழுத்து முறைத் திரையால் தமிழைச் சரியாகக் காட்ட இயலாது. தானியங்கு நிறுவலில் திரையை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் இது பெரிய குறையன்று. கவனம் செலுத்த வேண்டியது நிறுவிய பிறகு மாணவர் காணும் திரையில்தான். விடைக்கோப்பின் பிகேஜிசெல் இன்க்ளூட் வரியில் தமிழ் எழுத்துருக்களுக்கான ஃபான்ட்ஸ் டிஏஎம்எல் பொதியையும், தட்டச்சுக்கான ஐபஸ் எம்17என் பொதியையும் சேர்த்துவிட்டால், தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகைகளைப் பின்னர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நாற்பது பேர் தனித்தனியே எழுத்துரு தேடும் நிலை வராது.

எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் நிறுவலாமா?

நிறுவலாம், இணைய இணைப்புதான் நெருக்கடியாக இருக்கும். ஒரு கணினிக்கு 1 ஜிபி பொதிகள் என்றால் நாற்பதுக்கும் சேர்த்து 40 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆகும், அதுவும் அந்த நேரத்தில் வேறு யாரும் இணையத்தைத் தொடாவிட்டால். ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற இடைநிலைச் சேமிப்பு மென்பொருளைச் சர்வரில் நிறுவி, விடைக்கோப்பில் மிரருக்கான ப்ராக்ஸி முகவரியாக அதன் 3142 போர்ட்டைக் கொடுங்கள். முதல் கணினி இறக்கும் பொதிகள் சர்வரில் தங்கிவிடும். மற்றவை உள் நெட்வொர்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முதலில் ஒரு கணினியை நிறுவி முடித்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தொடங்குவது நல்லது.

திரையில் வரும் பிஎக்ஸ்இ பிழை எண்களுக்கு என்ன பொருள்?

இ61 என்றால் கேபிளைப் பாருங்கள், இணைப்பே இல்லை. இ51 என்றால் டிஹெச்சிபி பதில் எதுவும் வரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, ஆனால் பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. ரவுட்டர் மட்டும் பதில் சொல்லி உங்கள் சர்வர் பேசாமலிருக்கும்போது இது வரும். இ32 என்றால் டிஎஃப்டிபி சர்வரை அடைய முடியவில்லை; ஃபயர்வாலைப் பாருங்கள். டிஎஃப்டிபியில் வேண்டுகோள் மட்டுமே 69க்கு வரும், தரவு வேறொரு போர்ட்டிலிருந்து செல்லும் என்பதை ஃபயர்வால் விதி எழுதும்போது நினைவில் கொள்ள வேண்டும். இ3பி என்றால் சர்வர் கிடைத்தது, கோப்பு இல்லை. பெரும்பாலும் அடைவுப் பாதையிலோ, பெரிய சிறிய எழுத்திலோ தவறு இருக்கும்.

எண்ணைப் பார்த்து ஊகிப்பதைவிட, சர்வரில் டிசிபிடம்ப்பை 67, 68, 69 போர்ட்டுகளுக்கு இயக்கிவிட்டுக் கணினியைத் தொடங்குங்கள். வேண்டுகோள் வந்ததா, பதில் போனதா, எந்தக் கோப்பைக் கேட்டது என்பவை வரிவரியாகத் தெரியும். நிறுவி தொடங்கிய பிறகு நேரும் சிக்கல்களுக்கு ஆல்ட்டோடு எஃப்4 அழுத்தினால் பதிவேடு தெரியும். எஃப்2 அழுத்தினால் கட்டளை வரி கிடைக்கும்.

டிஹெச்சிபி சரியாக இருந்தும் இ51 வருகிறது. பென் டிரைவில் தொடங்கினால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறதே?

ஸ்விட்ச்சில், நெட்வொர்க்கில் சுற்று ஏற்படாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய முறையில் ஒரு போர்ட்டில் இணைப்பு வந்ததும், ஸ்விட்ச் 15 நொடி கவனித்து, 15 நொடி கற்று, அதன் பிறகே தரவை அனுமதிக்கும். அந்த 30 நொடிக்குள் நெட்வொர்க் கார்டு கேட்டுக் கேட்டுக் கைவிட்டிருக்கலாம். பிஎக்ஸ்இ நிலையைத் தாண்டினாலும், நிறுவியின் கர்னல் கார்டை மீண்டும் துவக்கும்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து, அதே 30 நொடி மறுபடியும் தொடங்கும். இரண்டாவது இடத்தில் தோற்பதற்கு இதுவே காரணம். கணினிகள் இணையும் போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட்டாக, அதாவது போர்ட்ஃபாஸ்ட்டாக அறிவித்தால் தீர்ந்துவிடும்.

பல மாதம் வேலை செய்த அமைப்பு, கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று திடீரென நிற்கிறதே?

டெபியனின் இடைவெளியீடு ஒன்று வந்திருக்கும். அப்போது மிரரில் கர்னல் பதிப்பு மாறி, உங்கள் டிஎஃப்டிபி அடைவில் உள்ள பழைய கர்னலுக்கு ஏற்ற மாட்யூல்கள் அங்கே இல்லாமல் போகின்றன. புதிய நெட்பூட் தொகுப்பை இறக்கி மாற்றினால் சரியாகிவிடும். ஒவ்வோர் இடைவெளியீட்டுக்குப் பிறகும் இதைச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதில் பாதுகாப்புக் குறைகள் உண்டா?

உண்டு, அவற்றை அறிந்தே இதில் இறங்க வேண்டும். பிஎக்ஸ்இயில் யார் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அதே நெட்வொர்க்கில் வேறொருவர் டிஹெச்சிபி பதிலை முந்தி அனுப்பினால், கணினி அவர் கொடுக்கும் நிறுவியை ஏற்றிக்கொள்ளும். விடைக்கோப்பு வெப் சர்வரில் இருப்பதால் முகவரி தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம்; ஹாஷாக இருந்தாலும் எளிய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட முடியும். எனவே ரூட் நுழைவை மூடிவிட்டு, தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச்சுக்குரிய நிர்வாகியின் பொதுச் சாவியை லேட் கமாண்ட் வழியாக வையுங்கள். பொதுச் சாவி பிறர் கண்ணில் பட்டாலும் தீங்கில்லை. நிறுவல் வேலையைத் தனி விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) செய்து, முடிந்ததும் சேவைகளை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. பொதிகளைப் பொறுத்தவரை, அவை வெறும் ஹெச்டிடிபியில் வந்தாலும் டெபியனின் கையொப்பத்தால் சரிபார்க்கப்படுகின்றன.

ஒரு வட்டைப் படியெடுத்து எல்லாவற்றிலும் போடுவது எளிதல்லவா?

அச்சாக ஒரே வகைக் கணினிகளாக இருந்தால் அது விரைவானதுதான். ஆனால் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் மெஷின் ஐடியும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகிவிடும். அவற்றை நினைவாக மாற்ற வேண்டும். வட்டின் அளவு மாறினால் மீண்டும் வேலை. அடுத்த ஆண்டு அந்த வட்டுப் படியில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன என்பதை அதைப் பார்த்து அறிய முடியாது. விடைக்கோப்போ சில கிலோபைட் எழுத்து. மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்னும் மென்பொருளில் வைத்தால் யார் எப்போது எதை மாற்றினார் என்பது தெரியும்.

எல்லா அமைப்புகளையும் லேட் கமாண்டிலேயே செய்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் வேண்டாம் என்பேன். நிறுவியின் சூழல் குறுகியது. அங்கே நீண்ட நிரலில் தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க மீண்டும் முழு நிறுவலையும் ஓட்ட வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகக் கணினியை அடையும் வரைக்கும் விடைக்கோப்பு செய்யட்டும். பிறகு பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபிள் போன்ற கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மற்ற இயங்குதளங்களில் இதற்கு ஈடானது எது?

ரெட்ஹேட், ஃபெடோரா வகையில் கிக்ஸ்டார்ட். கையால் நிறுவிய ஒவ்வொரு கணினியிலும் அதற்குரிய கிக்ஸ்டார்ட் கோப்பு ரூட்டின் அடைவில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்பது தொடங்குவோருக்குப் பெரிய உதவி. சூசேயில் 15ஆம் பதிப்பு வரை ஆட்டோயாஸ்ட். உபுண்டு சர்வர் 20.04 முதல் ப்ரீசீடைக் கைவிட்டு, யாமல் வடிவிலான ஆட்டோஇன்ஸ்டாலுக்கு மாறியது. அதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை: நிறுவி முழு ஐஎஸ்ஓவையும் நினைவகத்தில் ஏற்றுவதால் சில ஜிபி ரேம் வேண்டும், கர்னல் வரியில் வரும் அரைப்புள்ளியை கிரப் கட்டளையின் முடிவாக எடுத்துக்கொள்வதால் அதை மேற்கோளுக்குள் இட வேண்டும். ப்ரீசீடைவிட விரிவான ஏற்பாடு வேண்டுவோருக்கு, ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999இல் தொடங்கிய எஃப்ஏஐ இன்றும் டெபியனில் கிடைக்கிறது.

வைஃபை வழியாகச் செய்ய முடியுமா?

பிஎக்ஸ்இ கேபிள் இணைப்பையே எதிர்பார்க்கிறது. கேபிள் போர்ட் இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரை வாங்குங்கள். கணினியின் ஃபர்ம்வேர் அந்த அடாப்டரிலிருந்து பூட் செய்யுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு கணினி இல்லாமல் இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது எப்படி?

கியூஇஎம்யுவில் வெற்று வட்டோடு ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யுங்கள். அதன் நெட்வொர்க் கார்டில் ஐபிஎக்ஸ்இ ஏற்கெனவே உள்ளது. பயாஸ் முறையில் ஒன்று, யுஇஎஃப்ஐ முறையில் ஒன்று, இரண்டு வட்டுகளோடு ஒன்று, பழைய எல்விஎம் உள்ள வட்டோடு ஒன்று எனத் தனித்தனியே வைத்துச் சோதியுங்கள். இரண்டு வட்டுகள் உள்ளதில் நிறுவி நின்று கேள்வி கேட்கும்வரை, ஆய்வகத்தின் ஸ்விட்ச்சில் உங்கள் சர்வரைச் செருக வேண்டாம்.